வீட்டு விஞ்ஞானம்: கடல்மீன் தொட்டியில் வற்றும் நீர்

நான்கு நாள் விடுமுறை கழித்துத் திரும்பியபோது, நீரேற்றும் பம்பி வரண்டு நின்றிருந்ததாகவும், மகள் ஆசையாய் வளர்த்த கோமாளி மீன்கள் மாண்டு கிடந்ததாகவும் வாசகி ஒருவர் எழுதியுள்ளார். தண்ணீர் எங்கே போயிற்று என்பது அவரது கேள்வி.

ஆவியாகியே போயிற்று. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குகையில் அறைக்காற்று உலர்ந்துவிடும். 200 லீற்றர் கொண்ட தொட்டியில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று லீற்றர் வற்றுவது புதுமையன்று. போவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆனையிறவு உப்பளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லீற்றருக்கு 35 கிராம் உப்புள்ள அத்தொட்டியில் 10 லீற்றர் வற்றினால், உப்பு 37 கிராமை அண்மிக்கும். ஆகவே ஈடுசெய்ய வேண்டியது உப்புநீராலன்று; நன்னீரால்.

இவ்வேலையைத் தானியங்கியாகச் செய்விக்கலாம். மலசலகூடத் தண்ணீர்த் தொட்டியிலுள்ள மிதவையின் தத்துவமே இதிலும் உள்ளது. மட்டம் தாழ்ந்ததும் மிதவை இறங்கி ஆளியை இயக்கும். சிறு பம்பியொன்று வாளியிலிருந்து நன்னீரை அனுப்பும். மீன் வாழும் மேற்தொட்டியின் மட்டம் வழிவாயிலின் உயரத்தால் மாறாதிருக்கும். குறைவு தென்படுவது கீழேயுள்ள சம்ப் தொட்டியில், அதுவும் நீரேற்றும் பம்பி நிற்கும் கடைசி அறையில் மாத்திரமே. எனவே மிதவையை அவ்வறையின் அலையற்ற மூலையில் பொருத்துக. பம்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே மட்டத்தைக் குறிக்க வேண்டும். நிறுத்திவிட்டுக் குறித்தால் மேலிருந்து வடியும் நீர் கணக்கைப் பிழையாக்கும். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயரத்தில், முதலாவது பழுதுற்றால் மின்னைத் துண்டிக்க, இரண்டாவது மிதவையொன்றும் இருத்தல் நன்று. உப்புநீரில் கைவைக்கும் இடமாதலால் 12 வோல்ற் பம்பியே பாதுகாப்பானது.

இனி, நான் பட்டறிந்தது. அடிக்கடி நிரப்பும் சிரமத்தைத் தவிர்க்க எண்ணி, 60 லீற்றர்ப் பீப்பாவை உயரமான தட்டில் வைத்திருந்தேன். ஓரிரவு நத்தையொன்று மிதவையில் ஏறி அதனை அழுத்திக்கொண்டது. விடிகையில் பீப்பா காலி. கீழ்மாடி வீட்டின் முகட்டில் ஈரம் ஊறியிருந்தது. அம்முகட்டைத் திருத்தக் கொடுத்த பணத்தில் இன்னொரு தொட்டியே வாங்கியிருக்கலாம். அவ்வீட்டார் இன்றும் என்னைக் கண்டால் மேலே பார்க்கின்றனர்.

வாளி சிறியதாயிருப்பதே பெருங்காவல். நீரேற்றும் பம்பியை நிறுத்தி, மேல்நீர் முழுதும் வடிந்தபின் சம்பில் எஞ்சும் வெற்றிடத்தை அளந்து, அதனிலும் குறைந்த கொள்ளளவுள்ள வாளியைத் தெரிவுசெய்க. 12 லீற்றர் வாளி முழுவதும் பாய்ந்தாலும் உப்பு 33 கிராமுக்கே இறங்கும், மீன்கள் தாங்கும். வாளியின் நீர்மட்டம் சம்பினும் தாழ்வாகவும், குழாயின் நுனி சம்ப் நீரில் தொடாமலும் இருக்கட்டும். இன்றேல் பம்பி நின்ற பின்னரும் நீர் தானே இழுபட்டு ஓடும். வீட்டுக் குழாயுடன் நேரே இணைப்பதை ஒருபோதும் செய்யற்க.

மிதவையில் படியும் உப்பை வாரம் ஒருமுறை கழுவுக. நத்தை இருக்கும் தொட்டியாயின், மிதவையைத் துளையிட்ட குழாய்த் துண்டொன்றினுள் அடைத்து வைக்கவும்.