மொழி நாவிலுளதோ?

மனிதனை விலங்கினின்றும் பிரிப்பது பேச்சே என்பர். அஃது உண்மையே, ஆயினும் பேச்சு என்றவுடன் நாம் குரலையே கருதிவிடுகின்றோம். இக்கருத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. அதனை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

விலங்கிற்கும் குரலுண்டு. குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும் என்று ஒவ்வோர் ஒலிக்கும் தனிச்சொல் வகுத்தனர் நம் முன்னோர். அவ்வொலிகள் பொருளற்றனவுமல்ல. கென்யா நாட்டுக் குரங்கினம் ஒன்று சிறுத்தை, கழுகு, பாம்பு ஆகிய மூன்றிற்கும் வெவ்வேறு எச்சரிக்கைக் குரல் எழுப்புவதை 1980-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். தேனீயோ தன் ஆட்டத்தால் மலருள்ள திசையையும் தொலைவையும் தன் இனத்திற்கு அறிவிக்கின்றது. இதனை விளக்கிய கார்ல் வான் ஃபிரிஷ் என்பார் 1973-இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர்.

ஆயின் இவை மொழியாகுமோ? அரக்கோணம் சந்திப்பை நோக்குமின். சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கற்பட்டு என்னும் நான்கு வழி வண்டிகளையும் அங்கு வர்ண விளக்குகளே நடத்துகின்றன. சிவப்பு 'நில்' என்னும். பச்சை 'செல்' என்னும். எனினும், 'நேற்றைய வண்டி ஏன் தாமதித்தது?' என்று வினவ அவ்விளக்கிற்கு வழியில்லை. விலங்கின் குறிகளும் இத்தன்மையனவே. தேனீ உள்ள மலரைச் சுட்டும். 'மழை பெய்திருந்தால் மலர்ந்திருக்கும்' என்று உரையாது. சில சொற்களைப் பலவாறு தொடுத்து முன் எவரும் கூறாததைக் கூறுதலும், இல்லாததை எண்ணுவித்தலும், நாளைக்கென இன்று வாக்களித்தலும் மனித மொழிக்கே உரியன.

இவ்வாற்றல் தொண்டையில் இல்லை, உள்ளத்தில் உளது. இதற்குச் செவிகேளாதாரே சான்று. நிகராகுவா நாட்டில் 1970-களின் இறுதியில், அதுவரை தனித்தனியே வளர்ந்த செவிகேளாச் சிறுவர் ஒரு பள்ளியிற் கூடினர். ஆசிரியர் கற்பியாதிருக்கவும் அவர்கள் தம்முள் கைச்சைகைகளைப் பரிமாறினர். பின்வந்த இளஞ்சிறார் அவற்றை இலக்கணம் நிரம்பிய மொழியாக்கினர். எவ்விலங்கும் இங்ஙனம் செய்ததில்லை.

விலங்கை 'வாயில்லா ஜீவன்' என்போம். செவிகேளாதானை 'ஊமை' என்போம். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கும் இவ்வழக்கு அறமாகாது. சைகை மொழி கற்பித்தால் பிள்ளை வாய்ப்பேச்சைக் கல்லாது என்று அஞ்சுவோர் உளர். மொழியே பெறாது கழியும் இளமையன்றோ அதனினும் அஞ்சத்தக்கது! இந்தியச் சைகை மொழிக்கென 2015-இல் புதுதில்லியில் ஒரு மத்திய நிலையம் ஏற்பட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் கல்வியிற் சைகை மொழியை வளர்க்கப் பணிக்கின்றது. ஆயினும் சட்டம் மட்டும் ஒருவனோடு உரையாடாது. அயலாரே உரையாடல் வேண்டும்.

ஆகலின், செவிகேளாக் குழந்தைக்குத் தவழும் பருவத்திலேயே சைகை மொழி கிடைத்தல் வேண்டும் என்பதே எம் துணிபு. இரண்டு மூன்று மொழிகளைக் கல்லூரியில் பயிலும் நம் மாணாக்கர், இம்மொழியிலும் சிறிது பயில்வாராக. ஆண்டவன் அனைவர்க்கும் ஈந்த வரத்தைச் சிலர்க்கு மறுப்பது நம் செவியின் குற்றமேயன்றி அவர் நாவின் குற்றமன்று.