திரும்பி வந்தவர்களுக்கு ஒரு வாரம் கொடுங்கள்

இரவு 2 மணிக்குக் கண் விழித்தேன். கை தானாக இடது பக்கம் துழாவியது. பிள்ளை இல்லை. நியூஜெர்சி மாநிலத்து எடிசனில் அப்போது முதல் நாள் மாலை 4.30. பேரன் தூங்கி எழும் நேரம். அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜன்னலோரம் நான் நிற்கும் நேரம். கும்பகோணம் வந்து மூன்று நாளாகியும் என் உடம்பு அந்த வீட்டு வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மகளின் பிரசவத்துக்காக மார்ச் மாதம் போனோம். அமெரிக்காவில் விசிட்டர் விசாக்காரர்களை வழக்கமாக 6 மாதம்தான் தங்க விடுவார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் நானும் வீட்டுக்காரரும் திரும்பிவிட்டோம். போகும்போது மகள் நான்கு பக்கத்துக்குக் குறிப்பு அனுப்பியிருந்தாள். எந்த மாத்திரை கைப்பையில் இருக்க வேண்டும், குடியேற்ற அதிகாரி என்ன கேட்பார், விமானத்தில் எப்போதெல்லாம் எழுந்து நடக்க வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. திரும்பி வருவதற்கு ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. சொந்த வீட்டுக்குப் போக என்ன குறிப்பு வேண்டியிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்த நினைப்பு தவறு. போவதற்கு எவ்வளவு ஏற்பாடு செய்கிறோமோ, அவ்வளவு ஏற்பாடு திரும்பி வருவதற்கும் வேண்டும். அதிலும் வயதானவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

நான் 31 வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் உடம்பின் கடிகாரம் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து அது நேரம் பார்த்துக்கொள்கிறது. அந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் ஆராய்ந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஊர் மாறினால் அந்தக் கடிகாரம் ஒரே நாளில் மாறுவதில்லை. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். மேற்கே போவதைவிடக் கிழக்கே வரும்போது பலருக்கும் கஷ்டம் அதிகம். எங்களுக்கு வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம். கணக்குப் போட்டால் ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகும். இத்தனையும் தெரிந்தவள்தான் நான்காம் நாள் வீட்டுக்காரரை ஸ்கூட்டரில் கடைக்கு அனுப்பினேன்.

பிற்பகல் 3 மணி, நல்ல வெயில். எடிசன் கணக்கில் விடிகாலை 5.30. உடம்பின் சூடும் விழிப்பும் மிகவும் தாழ்ந்திருக்கும் வேளைக்குப் பக்கம் அது. வண்டி ஓட்டிக்கொண்டே ஒரு கணம் கண் அசந்துவிட்டார். தெருமுனையில் கொட்டியிருந்த மணலில் சக்கரம் ஏறிச் சரிந்தது. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. எதிரே பஸ் வரவில்லை. இப்போது எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்கிறேன்: வந்த முதல் வாரம் வண்டியைத் தொடாதீர்கள். ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தைப் பார்க்காதீர்கள்.

மாத்திரை விஷயமும் இதே போலத்தான். அவருக்குச் சர்க்கரை உண்டு. அங்கே காலை டிபனுக்கு முன்னால் போட்டதை இங்கே எந்த வேளையில் போடுவது என்று இருவரும் குழம்பிப் போனோம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் ஆபத்து. புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு, இந்திய நேரப்படி ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று: விமானத்தில் இவ்வளவு நேரம் உட்கார்ந்தே வந்த பிறகு ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால், பயண அலுப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கக் கூடாது. காலில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரிசியில் வண்டு, ஜன்னல் கொக்கியில் துரு, அலமாரித் துணியில் பூஞ்சை வாடை. ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண்ணின் கை இருந்தது. சாவியை அவளிடம் கொடுத்துப் போயிருந்தேன். மாதம் ஒருமுறை மோட்டார் போட்டிருக்கிறாள். துளசிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். நாங்கள் வந்த அன்று காலையில் தொட்டியைக் கழுவி நிரப்பி, கூடத்தை மட்டும் பெருக்கித் துடைத்து, இரண்டு பாய் விரித்து வைத்திருந்தாள். "மத்த ரூமெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம்க்கா, இன்னிக்குக் கூடத்துலயே படுங்க" என்றாள். மத்தியானம் ஒரு தூக்கில் ரசம் சாதம், கிண்ணத்தில் பருப்புத் துவையல், நான்கு சுட்ட அப்பளம். ஆறு மாதம் மகளுக்குப் பத்தியம் சமைத்துப் போட்ட எனக்கு, மற்றொருத்தி சமைத்து எடுத்துவந்த சோறு அது. முதல் வாய் வைத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒருத்தி வேண்டும்.

உறவுக்காரர்களைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. வந்த இரண்டாம் நாளே போன். ஒரு வீட்டில் வளைகாப்பு, பெரியவர்களாக முன்னால் நிற்க வேண்டும். இன்னொரு வீட்டில் புரட்டாசி வருகிறது, கொலுப்படி எப்போது கட்டப் போகிறீர்கள் என்று கேள்வி. நாலு பேர் அங்கிருந்து கொண்டுவந்த சாமானை வாங்கிக்கொள்ள வருவதாகச் சொல்லிவிட்டு வந்தே விட்டார்கள். பிரியத்தில் வருகிறார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் "ஆறு மாசம் மக வீட்ல ஜாலியா இருந்துட்டு வந்தாச்சு, இன்னும் என்ன அலுப்பு?" என்று ஒருவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. இரவில் மூன்று முறை எழுந்து குழந்தைக்குத் துணி மாற்றியதை யாரும் வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வேலைக்குப் போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். என் அண்ணன் மகன் சென்னையில் கணினி நிறுவனத்தில் இருக்கிறான். வெளிநாட்டு வேலை முடிந்து ஞாயிறு நள்ளிரவு மீனம்பாக்கத்தில் இறங்கினான். திங்கள் காலை அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அனுப்பிவைக்கிற நிறுவனமே திரும்பி வந்தவனுக்கு இரண்டு நாள் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அரைத் தூக்கத்தில் அவன் செய்கிற தவறைத் திருத்தவும் யாரோ ஒருவர் நேரம் செலவழிக்கத்தானே வேண்டும்.

நாங்கள் இருவரும் செய்தது இதுதான்: பகலில் தூக்கம் வந்தால் அரை மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டோம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் காவிரிக் கரைப் பக்கம் நடந்தோம். ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க நிறைவாக இருந்தது. இரவு விழிப்பு வந்தாலும் போனை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். அது எனக்குத்தான் கடினம். அந்த 2 மணிக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் பேரன் முகம் தெரியும். முதல் மூன்று இரவும் அழுத்தினேன். பிறகு விடியும் வரை தூக்கமில்லாமல் கிடந்தேன். மகள்தான் கண்டுபிடித்து, "அம்மா, இனிமே நான் கூப்பிடறேன். நீ விளக்கேத்தற நேரத்துக்கு" என்றாள்.

பத்தாம் நாள்தான் விடியற்காலை பால்காரர் மணிச் சத்தத்தில் எழுந்தேன். அன்று மாலை 6.30-க்கு விளக்கேற்றிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். போன் அடித்தது. அங்கே காலை 9 மணி, பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும் வேளை. போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு, மகள் அவனைக் காலில் போட்டுக்கொண்டாள். எண்ணெய்க் கையோடு என்னைப் பார்த்து, "எங்கேருந்துமா ஆரம்பிக்கணும்?" என்றாள்.

"பாதத்துலேருந்து," என்றேன். என் குரல் வந்த பக்கம் அவன் தலையைத் திருப்பினான்.