தாழ்த்துவதுதான் உயர்வா?

கல்லூரி விழா என்றால் இப்போதெல்லாம் வாயிலில் பழைய கார்கள் வந்து நின்றுவிடுகின்றன. ஒரு பியட், ஓர் அம்பாசிடர், அரிதாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்ட். வயிறு தரையைத் தடவுமளவுக்குத் தாழ்த்தப்பட்ட கார்கள்! நாமும் சூழ்ந்து நின்று படம் எடுக்கிறோம். "எவ்வளவு இறக்கியிருக்கிறான், பார்!" என்று வியக்கிறோம். நண்பர்களே, அந்த வியப்பில் நானும் பங்கு கொண்டவன்தான். இன்று அப்படி ஒரு காரைக் கண்டால் எனக்கு என் அம்மாவின் மணிக்கட்டு நினைவுக்கு வருகிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் தாத்தாவுக்கு நாகர்கோவிலில் 1969ஆம் ஆண்டு ஹெரால்ட் ஒன்று இருந்தது. நாங்கள் பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் வந்த குடும்பம். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் வேலை. தாத்தாவுக்குப் பின் கார் மாமாவிடம் போயிற்று. மாமாவின் மகனுக்கு, என் அத்தானுக்கு, அதைத் தாழ்த்திப் பார்க்கும் ஆசை வந்தது. பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு பட்டறையில், முன்பக்கச் சுருள் வில் ஒவ்வொன்றிலும் ஒன்றரைச் சுற்றைக் காஸ் நெருப்பால் அறுத்தார்கள். நான் பௌதிகம் படிப்பவன். கணக்குத் தெரிந்தவன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "சும்மா வெளக்கைப் பிடி லே!" என்றார் அத்தான். பிடித்தேன். அதுதான் என் குற்றம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மழைநாள். அம்மாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து வந்துகொண்டிருந்தோம். அமரவிளைக்கு அருகே ஒரு வளைவில் ஆடு ஒன்று குறுக்கிட்டது. அத்தான் பிரேக்கை மிதித்தார். மூக்கு கவிழ்ந்தது, பின்புறம் எழும்பியது, எழும்பிய பின்புறம் எங்களை முந்திக்கொண்டு போகப் பார்த்தது! கார் முக்கால் வட்டம் சுழன்று ஒரு வெட்டுக்கல் மதிலில் சாய்ந்து நின்றது. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்கூட இல்லை. முன் இருக்கையைப் பற்றியிருந்த அம்மாவின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆட்டுக்கு ஒன்றும் இல்லை.

பழியை மழைமீது போட்டார் அத்தான். அன்று; மழை எல்லார்க்கும்தான் பெய்தது. காரணம் காரின் அடியில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள ஹெரால்டின் பிறவியைச் சற்றே அறிய வேண்டும்.

இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் நிறுவனம் வெளியிட்ட கார் இது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961 முதல் நம் சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி இதைச் செய்தது. நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டுமே பிறந்தது. அம்பாசிடர் வங்காளத்து உத்தர்பாடாவிலும், பியட் பம்பாய்க் குர்லாவிலும் உருவாயின. தமிழ் மண்ணில் உருவான கார் ஹெரால்ட்தான். நான்கு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் ஏற்பாடு அதில் இருந்தது. வெறும் 25 அடி விட்டத்துக்குள் திரும்பிவிடும். சாலைக் கடைத்தெருவின் சந்துக்குள் நுழைந்து திரும்பத் தாத்தா அஞ்சியதே இல்லை என்று அப்பா சொல்வார்.

அதன் பின்பக்கத்தில்தான் சூட்சுமம். அம்பாசிடரிலும் பியட்டிலும் பின்னால் ஒரே நீள அச்சு. ஹெரால்டிலோ டிபரன்ஷியல் பெட்டி சேஸிஸோடு இறுகப் பிணைந்திருக்கும். இரு புறமும் இரண்டு அரை அச்சுகள். ஒவ்வொன்றும் உள்முனையில் மட்டுமே கதவுக் கீல்போல மடங்கும்; வெளிமுனை சக்கரத்தோடு விறைப்பாக நிற்கும். மேலே குறுக்காக ஒரே ஒரு கமான் பட்டை. இதனால் என்ன ஆகிறது? கார் தாழ்ந்தால் பின் சக்கரங்களின் அடி வெளியே அகலும். சடுகுடு ஆடுபவன் காலை அகற்றி நிற்பது போன்ற நிலை. கார் உயர்ந்தால் அடி உள்ளே ஒடுங்கும். முட்டி தட்டுகிறவன் நிலை. அரை அச்சின் நீளம் ஏறத்தாழ அரை மீட்டர். 2.5 செ.மீ. உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வு ஏறத்தாழ 3 டிகிரி மாறிவிடும். ஓர் அங்குலம்தானே என்பீர்கள். அந்த ஓர் அங்குலத்தில்தான் உயிர் இருக்கிறது.

வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிச் சக்கரத்தைச் சாலை உள்நோக்கித் தள்ளுகிறது. சக்கரத்தின் அடி முன்பே ஒடுங்கியிருந்தால் அந்தத் தள்ளுதல் காரின் பின்புறத்தை மேலே தூக்கும். தூக்கத் தூக்க அடி இன்னும் ஒடுங்கும். ஒடுங்க ஒடுங்கப் பிடி குறையும். பிரேக் மிதித்தால் பின்புறம் தானே எழும்பும். அதுவும் இதோடு சேர்ந்துகொள்ளும். அமரவிளையில் கண்டது இதுவே.

இது ஹெரால்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. அமெரிக்காவில் 1960 முதல் 1964 வரை வந்த செவர்லே கார்வேர் கார்களிலும் பின் அச்சு இவ்வாறே மடங்குவதுதான். ரால்ப் நேடர் 1965இல் எழுதிய நூலின் முதல் அதிகாரமே அந்தக் காரைப் பற்றியது. 1972இல் அமெரிக்க அரசின் ஆய்வு, அது அக்காலத்துப் பிற கார்களைவிட மோசமானதல்ல என்று முடித்ததையும் சொல்வதுதான் நேர்மை. டிரையம்ப் நிறுவனமோ 1970இல் தன் ஸ்பிட்பயர் காரில் பட்டையின் அடியிதழை மட்டும் இறுகப் பிடித்து மற்ற இதழ்களை நடுவில் அசையவிட்டது. காரின் குணம் வெகுவாகத் திருந்தியது. வண்டலூரில் 1972இல் வந்த கெசல், இந்த அரை அச்சையே கைவிட்டு ஒரே நீள அச்சுக்குப் போயிற்று. பெரிய பொறியியலார் பல ஆண்டு மல்லுக்கு நின்ற ஓர் இடத்தில், நாங்கள் காஸ் நெருப்போடு நுழைந்திருக்கிறோம்!

ஆனால் நாங்கள் அறுத்தது முன் வில்லைத்தானே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. தன் காலத்தில் தாத்தா, மூட்டைகள் ஏற்றுவதற்காகப் பின்பக்கக் கமானில் ஓர் இதழ் கூடுதலாகப் போட்டு வைத்திருந்தார். பின்புறம் பல ஆண்டுகளாகவே உயர்ந்துதான் நின்றது. முன்புறமும் சற்று உயரமாக இருந்தவரை தாத்தாவின் நிதான ஓட்டத்தில் அது வெளிப்படவில்லை. அத்தான் முன்புறத்தைத் தாழ்த்தினார். மூக்குத் தரையை நோக்க, முதுகு வானை நோக்க, பார்வைக்குப் பாயும் புலிபோல இருந்தது. பாய்ந்தும் விட்டது.

இனி அந்த அறுப்புக்கே வருவோம். சுருள் வில்லில் சுற்றுகள் குறைந்தால் விறைப்புக் கூடும். எட்டுச் சுற்று வேலை செய்யும் வில்லில் ஒன்றரையை நீக்கினால் விறைப்பு ஏறத்தாழ 23 விழுக்காடு உயர்கிறது. ஷாக் அப்சார்பர் பழையதே. விறைத்த வில்லுக்கு அதன் தணிப்பு 10 விழுக்காடு அளவுக்குப் போதாமல் போகிறது. குழியில் விழுந்த கார் ஒரு முறை ஆடி அடங்குவதற்குப் பதில் மீண்டும் மீண்டும் ஆடுகிறது. சக்கரம் மேலேறுவதற்கு 7 செ.மீ. இடம் இருந்தது என்று வையுங்கள். 4 செ.மீ. தாழ்த்தினால் மிச்சம் 3. அதற்குமேல் ரப்பர் தடுப்பில் இடிதான். அறுத்த முனை தன் இருக்கையில் ஒழுங்காக அமராது. காஸ் நெருப்பு பட்ட எஃகு தன் பதத்தை இழக்கும். முகப்பு விளக்கையும் மறந்துவிட்டோம். ஹெரால்டில் முன்பின் சக்கர இடைவெளி 232 செ.மீ.; முன்புறம் மட்டும் 4 செ.மீ. தாழ்ந்தால் 25 மீட்டர் தொலைவில் வெளிச்சம் 40 செ.மீ.க்கு மேல் கீழே விழுகிறது. இவ்வளவையும் ஒரு தாளில் கணக்கிட எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. அந்த அரைமணியைப் பட்டறைக்குப் போகுமுன் செலவிட்டிருக்கலாம்.

"தாழ்ந்த கார் சாலையைக் கவ்விப் பிடிக்குமே! பந்தயக் கார்களைப் பார்!" என்பர் நண்பர்கள். உண்மைதான். ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் பளு குறையும். எவ்வளவு குறையும்? மையம் 50 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 2.5 செ.மீ. தாழ்த்துவதால் 5 விழுக்காடு. இந்த ஐந்தைப் பெறுவதற்காக வில், தணிப்பு, சக்கரச் சாய்வு மூன்றையும் குலைத்தால் வரவு எது, செலவு எது? பந்தயக்காரர் இவை அனைத்தையும் சேர்த்தே மாற்றுகிறார். மேலும், ஒரு காலத்தில் பந்தயம் நடந்த சோழவரம் பழைய விமான ஓடுதளம். விமான ஓடுதளத்தில் வேகத்தடை கிடையாது.

வேகத்தடை என்றதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது, படிப்பவர்கள் பொறுத்தருள்க. இந்தியச் சாலைக் காங்கிரசின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் ஆரமும் உள்ள மெல்லிய மேடு. அதன்மேல் ஹெரால்ட் நடுவாக நிற்கும்போது நான்கு சக்கரமும் மேட்டின்மேலேயே இருக்கும்; வயிற்றுக்குக் கீழே தேவைப்படும் இடைவெளி 4 செ.மீ. மட்டுமே. ஆனால் நம் தெருக்களில் பல இடங்களில் இருப்பது ஒரு முழ அகலத்தில் திடீரென எழும் முதுகெலும்பு! அதற்கு முழு உயரமும் வேண்டும். காரைத் தாழ்த்துகிறவர் மட்டுமல்லர், சாலை போடுகிறவரும் அளவுகோலைத் தொடுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. இதுபற்றி நம் கேரளத்திலிருந்தே ஒரு வழக்கு டெல்லி வரை போயிற்று. 2019 சனவரி 9 அன்று உச்சநீதிமன்றம், உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றி, இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்றது. அறிந்து செய்கிறவனையும் அறியாமல் அறுக்கிறவனையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்று விடுதியில் ஒரு நண்பர் என்னோடு வாதிட்டார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆயினும் சாலையில் எதிரே வருகிறவருக்கு நாம் எந்த வகை என்று தெரியாதே! பின் இருக்கையில் இருந்த என் அம்மாவுக்கே தெரியவில்லை. ஆகவே இந்தக் கண்டிப்பை நான் ஆதரிக்கிறேன்.

2021 சூலையில் வந்த மத்திய விதிகள் மற்றொரு வழி திறந்தன. 50 ஆண்டு கடந்து, மூல வடிவில், சேஸிஸ், உடல், எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனத்துக்குப் பழம்பெரும் வாகனம் என்று தனி வரிசை எண் கிடைக்கும். தாத்தாவின் கார் அந்த வயதைக் கடந்துவிட்டது. "சுருள் வில்லைப் பெயர் சொல்லி எழுதவில்லையே!" என்றார் அத்தான், அவர் வழக்கறிஞராகியிருக்க வேண்டியவர். ஆனால் அந்த எண் பெற்ற காரை அன்றாடம் ஓட்டக்கூடாது; கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே எடுக்கலாம். மாமாவோ, "ஓடாத வண்டி எனக்கு எதுக்கு மக்கா?" என்று சொல்லிவிட்டார்.

நண்பர்களே, காரைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பதப்படுத்துங்கள். தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றுங்கள். எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரைத் தூக்கி எறியுங்கள். டயர்க் காற்றை உற்பத்தியாளர் சொன்ன அளவில் வையுங்கள். தட்டையான தரையில் நிறுத்தி நான்கு மூலையின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். இவற்றுக்குச் சட்டம் தடையில்லை. ஐம்பது ஆண்டு ஓடிய காரில் இவற்றால் வரும் மாறுதல் வில்லை அறுப்பதால் ஒருநாளும் வராது. ஆனால் இவை படத்தில் தெரிவதில்லை. அதுதான் நம் குறை.

எங்கள் காரை நாகர்கோவிலில் ஒரு முதிய மேஸ்திரியிடம் கொண்டுபோனோம். அவர் முன்புறத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. பின்னால் குனிந்து கமானைத் தட்டிவிட்டு, "இதை யாரு இப்படி ஏத்தி வச்சது?" என்று கேட்டார். தாத்தா என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. கூடுதல் இதழைக் கழற்றினார். முன்பக்கத்துக்குப் புதிய வில்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. விலையை எழுதினால் என் விடுதிக் கட்டணத்தோடு ஒப்பிடுவீர்கள். அப்பாவின் கடை அளவு நாடாவால் நான்கு மூலையும் அளந்தோம். முன்புறம் பழைய உயரத்துக்கு ஏறியிருந்தது. பின்புறம் முன்பைவிட 2.5 செ.மீ. இறங்கியிருந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் நேராக நின்றன.

அத்தான் கொஞ்ச நேரம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு பின்புறத்தை மட்டும் ஒரு படம் எடுத்து, "தாழ்த்தியாச்சு" என்று எழுதி நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினார்.