பதுக்கல் வேறு, சேகரிப்பு வேறு!

"செல்லாக் காசு" என்று ஒருவரை ஏசுவது நம் ஊர் வழக்கம். "ஓட்டைக் காலணா பெறாது" என்று ஒரு பொருளைத் தள்ளிவிடுவதும் நம் வழக்கமே. ஆனால் அந்த ஓட்டைக் காலணா எப்போது பிறந்தது, அதன் நடுவில் ஏன் ஓட்டை விழுந்தது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? அந்த ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் ஓர் உலகப் போரே தெரிகிறது என்றால் அது மிகையாகாது.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இரண்டு உலகப் போர்களையும் சமூக அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். காரணங்களையும் உடன்படிக்கைகளையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் போர்முனைக்கு வெகு தொலைவில், கீரைக்காரியும் பூக்காரியும் தறிக்காரரும் கையில் சில்லறை இல்லாமல் திண்டாடிய கதையைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கதையைச் சொல்ல இன்று எஞ்சியிருப்பவை போர்க்காலத்துச் சிறு காசுகளும், காசு கிடைக்காதபோது ஊர்களும் சமஸ்தானங்களும் வெளியிட்ட டோக்கன்களும் அட்டைகளுமே. ஆகவே அவற்றைச் சேகரிப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. சேகரிப்பு என்ற பெயரில் பதுக்குவது கூடாது என்பதும் எங்கள் கருத்து. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் அக்காலக் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 4 காலணா, அல்லது 12 தம்பிடி. ஆக, ஒரு ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்பிடி. 1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வரும்வரை நம் முன்னோர் இந்தக் கணக்கில்தான் வாழ்ந்தார்கள். அன்றாடக் கூலியில் வாழ்ந்தவர்களுக்கு ரூபாய் நாணயம் எப்போதாவது கைக்கு வரும் விருந்தாளி. காலணாவும் தம்பிடியுமே வீட்டு மனிதர்கள்.

இரண்டாம் உலகப் போர் 1939-இல் தொடங்கியது. 1940 ஜூன் மாதத்தில் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது என்ற செய்தி வந்ததும், நம் நாட்டு மக்களுக்குக் காகித நோட்டின்மேல் ஐயம் பிறந்தது. நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாயாகக் கேட்டார்கள். வாங்கியதைப் பெட்டியில் பூட்டினார்கள். தன் தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பது குற்றம் என்று அரசு ஆணை பிறப்பித்தது. ஒரு ரூபாய்க்கே நோட்டு வெளியிட்டது. அதே ஆண்டில் ரூபாயில் இருந்த வெள்ளியையும் குறைத்தது. 12-இல் 11 பங்கு வெள்ளியாக இருந்தது, பாதிக்குப் பாதியாயிற்று. ஜரிகையில் வெள்ளி குறைந்தால் நம் காஞ்சி நெசவாளர் விரலால் தொட்டே சொல்லிவிடுவார். காசில் வெள்ளி குறைந்தால் மக்கள் அறியாமலா இருப்பார்கள்? நல்ல காசு பெட்டிக்குள் போயிற்று. தாழ்ந்த காசு கடைவீதிக்கு வந்தது. பொருளியலில் இதனைக் கிரெஷாம் விதி என்பார்கள்.

1942-இல் சிங்கப்பூரும் ரங்கூனும் ஜப்பானியர் கைக்குப் போயின. அச்சம் இன்னும் பெருகியது. துப்பாக்கித் தோட்டாவின் உறைக்குச் செம்பு தேவைப்பட்டது. செம்பின் விலை ஏற ஏற, செப்புக் காசை உருக்கினால் இலாபம் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். வெள்ளி மறைந்தது போலவே செம்பும் மறைந்தது. கடைகளில் தபால் தலையைச் சில்லறையாகக் கொடுத்து வாங்கும் நிலை உண்டாயிற்று. இந்த நெருக்கடியில்தான், 1943-இல் நம் ஓட்டைக் காலணா பிறந்தது! பழைய காலணா ஏறக்குறைய 5 கிராம் எடை. புதியது ஏறக்குறைய 2 கிராம். உலோகத்தை மிச்சப்படுத்தவே நடுவில் ஓட்டை. பம்பாயும் கல்கத்தாவும் அடித்தது போதாமல், லாகூரில் ஒரு நாணயச்சாலை திறந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் அடித்து வரவழைத்தார்கள். ஒரு காலணா கடல் கடந்து வந்த கதையை நினைத்தால் வியப்பாக இருக்கிறதல்லவா?

காலணா வந்து சேரும்வரை மக்கள் என்ன செய்வார்கள்? கத்தியவார் பகுதியில் இருந்த ஜூனாகத், மோர்வி போன்ற சமஸ்தானங்களும், ராஜஸ்தானத்தின் பிகானீர், பூந்தி சமஸ்தானங்களும் சிறு அட்டைத் துண்டுகளை அச்சிட்டு வெளியிட்டன. "கேஷ் கூப்பன்" என்பது அவற்றின் பெயர். காலணா, அரையணா, ஓரணா என்று மதிப்பு மட்டுமே அவற்றில் உண்டு. வெள்ளியும் இல்லை, செம்பும் இல்லை. மழையில் நனைந்தால் ஊறிப்போகும் அட்டை அது. ஆயினும் காய்கறிக்காரர் அதனை வாங்கினார். "நாளைக்கு இதற்கு மதிப்பு உண்டு" என்று நம் ஆட்சி சொல்கிறது, நாம் நம்புகிறோம் என்ற ஒன்றே அதற்கு அடிப்படை.

இந்த வழி நம் நாட்டில் முதலில் தோன்றியதன்று. முதல் உலகப் போர் 1914-இல் மூண்டபோதே ஐரோப்பாவில் வெள்ளியும் செம்பும் ஒளிந்துகொண்டன. ஜெர்மனியில் நகராட்சிகளும் தொழிற்சாலைகளும் தாமே காகிதத்திலும், பின்னர் இரும்பிலும் துத்தநாகத்திலும் பணம் வெளியிட்டன. "நோட்கெல்ட்" என்று அதற்குப் பெயர். ஆபத்துக் காலப் பணம் என்று பொருள். ஜெர்மானியர் பிடியில் இருந்த பெல்ஜியத்தின் கெண்ட் நகரமும் தன் பெயர் பொறித்த டோக்கன் காசுகளை அடித்தது. போர் முடிந்த பிறகு, மைசென் என்ற ஊரின் புகழ்பெற்ற பீங்கான் சாலையில் பீங்கானிலேயே காசு வார்த்தார்கள்!

காஞ்சிபுரத்துப் பெண்களாகிய நமக்கு இவற்றுள் மிகவும் நெருக்கமானது பீலஃபெல்ட் என்ற நகரம். அது லினன் துணிக்குப் பெயர்பெற்ற நெசவு ஊர். 1921 முதல் அந்நகரத்துச் சேமிப்பு வங்கி பட்டிலும் லினனிலும் வெல்வெட்டிலும் பணத்தை அச்சிட்டு வெளியிட்டது. பட்டுத் துணியே பணம்! பிள்ளையார்பாளையத்துத் தறியில் நெய்த பட்டில் நம் நகராட்சி முத்திரை குத்திப் பணமாகக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எந்த ஊருக்கு எந்தத் தொழில் பெருமையோ, அந்தத் தொழிலையே அந்த ஊர் தன் வாக்குக்குச் சாட்சியாக வைத்தது. எங்கள் மனத்தைக் கவர்ந்தது இந்தச் செய்திதான்.

ஆனால் கதை இங்கே திரும்புகிறது. அழகான இந்தப் பணத்தை மக்கள் செலவழிக்கவில்லை, ஆல்பத்தில் ஒட்டினார்கள். திரும்பி வராத நோட்டுக்கு ஊர் மதிப்புத் தரவேண்டியதில்லை அல்லவா? அதனால் பல ஊர்கள் சேகரிப்பவர்களுக்காகவே படம் போட்ட நோட்டுகளை அச்சடித்து விற்று இலாபம் பார்த்தன. ஆபத்துக்குப் பிறந்த பணம் ஆசைக்கு விற்கும் பொருளாயிற்று. 1923-இல் அந்நாட்டுப் பணமே சீரழிந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4,20,000 கோடி மார்க் கொடுக்கவேண்டி இருந்தது. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்த முதியவர்களின் சேமிப்பு ஒரு ரொட்டிக்கும் போதவில்லை.

இதிலிருந்து நாங்கள் தெரிந்துகொண்டது என்ன? காசு என்பது உலோகத்தால் மட்டும் ஆனதன்று. பாவும் ஊடையும் சேர்ந்தால்தான் சேலை. அதுபோலக் கொடுப்பவரின் வாக்கும் வாங்குபவரின் நம்பிக்கையும் சேர்ந்தால்தான் காசு. இரண்டில் ஒன்று அறுந்தால் வெள்ளியும் வேலை செய்யாது. இரண்டும் உறுதியாக இருந்தால் அட்டையும் வேலை செய்யும்.

போர்க்காலத்தில் முந்தானையில் நாலணாவை முடிந்து வைத்த ஏழைத் தாயை நாங்கள் குறை சொல்லமாட்டோம். அவளுக்கு அச்சம். அரசே காசில் வெள்ளியைக் குறைக்கும்போது அவள் யாரை நம்புவாள்? ஆனால் மூட்டை மூட்டையாக ஒளித்து வைத்தவரும், உருக்கி விற்றவரும் வேறு வகை. அவர்கள் மறைத்த ஒவ்வொரு காலணாவும் யாரோ ஒரு குழந்தையின் அரைப்படிப் பாலைத் தடுத்தது. பெரிய நோட்டு வைத்திருப்பவருக்குச் சில்லறைப் பஞ்சம் ஒரு தொல்லை. சில்லறை மட்டுமே வைத்திருப்பவருக்கு அது பட்டினி. ஆண்டவர் பாராட்டிய ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையும் இரண்டு செப்புக் காசுகள்தாமே! சிறிய காசு எப்போதும் எளியவர்களின் காசு.

ஆகவே எங்கள் கருத்துப்படி, சேகரிப்பவர் மூன்று விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். ஒன்று: புழக்கத்தில் இல்லாத காசையே சேகரிக்கவேண்டும். புழக்கத்தில் உள்ளது என்றால் வகைக்கு ஒன்று போதும். மிச்சத்தைக் கடைவீதிக்கே அனுப்பிவிட வேண்டும். இரண்டு: காசோடு அதன் கதையையும் எழுதி வைக்கவேண்டும். எந்த ஆண்டு, யாரிடமிருந்து வந்தது, அதற்கு அன்று என்ன கிடைத்தது என்ற விவரம் இல்லாத காசு, பெயர் தெரியாதவரின் புகைப்படம் போன்றது. மூன்று: பெட்டியில் பூட்டாமல் பிறருக்குக் காட்டவேண்டும். பதுக்குபவர் காசை உலகத்தின் கண்ணிலிருந்து மறைக்கிறார். சேகரிப்பவர் மறந்துபோன காசை உலகத்தின் கண்முன் வைக்கிறார். இதுவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

"காசு சேர்ப்பது பணக்காரர் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு?" என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். பணம் கொடுத்து வாங்கவேண்டியதில்லை என்பதே எங்கள் பதில். நம் பாட்டிமாரின் அஞ்சறைப் பெட்டியிலும், பரணில் கிடக்கும் தகரப் பெட்டியிலும் தேடினாலே போதும். "பழைய காசுக்கு இலட்ச ரூபாய்" என்று ஆசை காட்டி, முன்பணம் கேட்டு ஏமாற்றுகிறவர்களும் இன்று பெருகிவிட்டார்கள். பழைய நோட்டு, நாணயம் பற்றிய இத்தகைய மோசடிகளில் சிக்கவேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது. விலைக்காகச் சேகரிப்பவர்கள்தாம் இந்த வலையில் எளிதில் விழுவார்கள். கதைக்காகச் சேகரிப்பவர்களுக்கு அந்தப் பயம் இல்லை.

இன்றைய நிலையையும் சிறிது பார்ப்போம். போர் இல்லை, உலோகப் பஞ்சமும் இல்லை. ஆயினும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பத்து ரூபாய் நாணயத்தைக் கடைக்காரரும் நடத்துநரும் வாங்க மறுத்ததை நாம் கண்டிருக்கிறோம். பதினான்கு வடிவங்களில் வந்த பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. அப்படியும் வதந்தி ஓயவில்லை. அன்று அட்டைத் துண்டையும் நம்பி வாங்கினார்கள். இன்று அரசு அடித்த நாணயத்தையே நம்ப மறுக்கிறோம். இது நமக்குப் பெருமையா? சில கடைகளில் ஒரு ரூபாய் மிச்சத்துக்கு மிட்டாயைக் கையில் திணிக்கிறார்கள். நாம் அதே மிட்டாயைத் திருப்பிக் கொடுத்துப் பென்சில் கேட்டால் வாங்கிக்கொள்வார்களா? திருப்பி வாங்காத டோக்கன் நேர்மையான டோக்கன் ஆகாது.

எனவே தோழியரே, நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டு உண்டியலை ஆண்டுக்கு ஒரு முறையேனும் உடைத்து, சில்லறையைப் புழக்கத்தில் விடுவோம். பத்து ரூபாய் நாணயத்தை மறுக்காமல் வாங்குவோம். மறுப்பவருக்குப் பணிவோடு எடுத்துச் சொல்வோம். நம் பள்ளியில் ஒரு கண்ணாடி அலமாரி வைக்க அருட்சகோதரியர் மனம் வைத்தால், வீட்டுக்கு ஒரு பழைய காசும் அதன் கதையும் கொண்டுவந்து சேர்ப்போம். ஓட்டைக் காலணாவைப் பார்த்தவர்கள், அதைக் கொண்டு கடைக்குப் போனவர்கள் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் வயது எண்பதைக் கடந்துவிட்டது. காசு இன்னும் நூறு ஆண்டு தாங்கும். கதை அத்தனை நாள் காத்திராது. இன்றே அவர்கள் அருகில் அமர்ந்து கேட்போம், எழுதி வைப்போம்!