இரண்டு கடவுள்கள் என்ற பழைய பிழை

பழைய ஏற்பாட்டின் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டின் கடவுள் அன்பே உருவானவர் என்ற கருத்து கிறிஸ்தவர்களிடமும் வெளியாரிடமும் ஒருசேர வேரூன்றியிருக்கிறது. நவீன மனச்சாட்சியின் கண்டுபிடிப்பு போல இது பேசப்பட்டாலும், இதற்கு வயது ஏறத்தாழ 1,900 ஆண்டுகள். கருங்கடற்கரையிலுள்ள சினோப்பே நகரத்து மார்க்கியோன் இதை ஒரு கோட்பாடாகவே ஆக்கினார். உலகைப் படைத்த நீதித்தெய்வம் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்றார். எபிரேய வேதம் முழுவதையும் தள்ளிவிட்டு, வெட்டித் திருத்திய லூக்கா நற்செய்தியையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். ரோமச் சபை கி.பி. 144-இல் அவரை விலக்கியது. சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் அவரை மறுத்து ஐந்து நூல்கள் எழுதினார். ஆனாலும் அந்த எண்ணம் சபைக்குள்ளேயே தங்கிவிட்டது. 1921-இல்கூட ஜெர்மானிய இறையியலர் அடோல்ஃப் ஃபொன் ஹார்னாக், புராட்டஸ்டண்ட் சபைகள் பழைய ஏற்பாட்டை இன்னும் திருமறையாக வைத்திருப்பது பலவீனத்தின் அடையாளம் என்று வாதிட்டார்.

இந்தக் கருத்து நிற்பதே பாதி வாசிப்பில்தான். யாத்திராகமத்தின் கன்றுக்குட்டிச் சம்பவத்தைப் பார்த்தால் போதும். மோசே மலையிலிருந்து இறங்குவதற்குள் கீழே பொன் கன்று தயாராகிவிடுகிறது. கற்பலகைகள் உடைகின்றன, கன்று பொடியாக அரைக்கப்பட்டு, தண்ணீரில் தூவப்பட்டு, மக்களுக்கே குடிக்கக் கொடுக்கப்படுகிறது, ஏறத்தாழ மூவாயிரம் பேர் வெட்டுண்டு சாகிறார்கள். கோபக் கடவுளைத் தேடுவோர் இத்துடன் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். இரண்டு அதிகாரம் தள்ளி, அதே கடவுள் புதிய பலகைகளை வெட்டிக்கொண்டு வரச் சொல்லி, தாம் யாரென்று தாமே அறிவிக்கிறார். அந்த அறிவிப்பில் இரக்கமும் நீடிய பொறுமையும் முதலில் வருகின்றன. குற்றத்தை விசாரிப்பது பிறகுதான். விசாரணை மூன்று நான்கு தலைமுறையோடு நிற்கிறது. இரக்கத்தின் கணக்கை உபாகமம் ஆயிரம் தலைமுறை என்கிறது. குறை சொல்வோர் மனத்தில் மூன்றும் நான்கும்தான் நிற்கின்றன, ஆயிரம் நிற்பதில்லை. (மகன் தகப்பனின் குற்றத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் அந்த மூன்று நான்கையும் பின்னர் எதிர்த்துப் பேசியது தனிக்கதை.) சீனாயில் வந்த இந்த அறிவிப்பை எண்ணாகமம், சங்கீதங்கள், யோவேல், நெகேமியா எல்லாம் திரும்ப எடுத்தாளுகின்றன. யோனாவோ அதையே குற்றச்சாட்டாக்குகிறார். கடவுள் நினிவேயை மன்னித்துவிடுவார் என்று முன்பே தெரிந்ததால்தான் தர்ஷீசுக்கு ஓடினேன் என்று சண்டை போடுகிறார். நினிவே சாதாரண ஊரல்ல, கி.மு. 722 வாக்கில் இஸ்ரவேலின் தலைநகர் சமாரியாவை வீழ்த்திய அசீரியப் பேரரசின் பெருநகரம். கடவுளின் இரக்கம் அளவு மீறிப்போகிறது என்று தீர்க்கதரிசி ஒருவர் முறையிடும் இந்த நூலைத்தான் யூதர்கள் பாவநிவாரண நாளின் பிற்பகலில் வாசிக்கிறார்கள்.

சிட்சை எந்த உறவுக்குள் நிகழ்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. உபாகமம் அதைத் தகப்பன் மகனுக்குக் கொடுக்கும் பயிற்சி என்கிறது. தாவீதின் வம்சத்துக்குத் தீர்க்கதரிசி நாத்தான் வழியாக வந்த வாக்கு இன்னும் தெளிவு: தவறு செய்தால் மனிதரின் கோலால் அடி உண்டு, ஆனால் முந்தைய அரசன் சவுலை விட்டு விலகியதுபோலக் கிருபை விலகாது. அடி விழுந்தது. நேபுகாத்நேச்சார் கி.மு. 597-இல் அந்த வம்சத்து யூதா அரசன் யோயாக்கீனைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். பத்தாண்டுக்குப் பின் எருசலேமும் ஆலயமும் எரிந்தன. இத்தனை அழிவையும் எழுதிய இராஜாக்களின் நூல், சிறையிருப்பின் 37-ஆம் ஆண்டில் யோயாக்கீன் விடுதலையாகி, பாபிலோன் அரசனின் பந்தியில் நாள்தோறும் உண்டதைச் சொல்லி முடிகிறது. இது பக்திக்காகப் புனைந்த முடிவு என்று ஒதுக்குவோர், பாபிலோன் அரண்மனை இடிபாடுகளில் கிடைத்து 1939-இல் எர்ன்ஸ்ட் வைட்னர் வெளியிட்ட களிமண் பலகைகளைப் பார்க்கலாம். யூதாவின் அரசனுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு அவற்றில் இருக்கிறது. விடுதலையை அவை நிரூபிக்கவில்லை. விடுதலைக்கு வெகுமுன்னரே எழுதப்பட்டவை அவை. ஆனால் அந்தக் குடும்பம் அந்நிய நாட்டில் உயிரோடு இருந்ததை, சிறைப்பிடித்தவனின் சொந்தக் கணக்குப்பிள்ளையே எழுதி வைத்திருக்கிறான்.

எதிர்த்தரப்புக்கு வலுவான சாட்சியும் உண்டு. எரிகோவும் அமலேக்கியர் மீதான போரும் சிட்சை அல்ல, பூண்டோடு அழிப்பு. அவற்றை இரக்கமென்று பூசி மெழுகுவது நேர்மையாகாது. ஆனால் அதே அளவுகோல் புதிய ஏற்பாட்டுக்கும் பொருந்த வேண்டும். அனனியாவும் சப்பீராளும் நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்ததற்காக விழுந்து சாவது அப்போஸ்தலர் நடபடிகளில். அவியாத நெருப்பைப் பற்றி எச்சரிப்பவர் இயேசுவே. கடுமை ஒரு பக்கமும் கனிவு மறுபக்கமுமாக இரு ஏற்பாடுகளையும் பிரித்து வைக்க அந்த நூல்களே இடம் கொடுப்பதில்லை.

மார்க்கியோனை மறுக்கும் அவசரத்தில் பிரசங்கிகள் பலர் இன்னொரு பிழையில் விழுகிறார்கள்: வரும் துன்பமெல்லாம் அன்பான சிட்சையே என்கிறார்கள். எபிரேய வேதம் இதையும் ஏற்பதில்லை. பிள்ளைகளை இழந்து, புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவிடம், கடவுள் கண்டிக்கும் மனிதன் பாக்கியவான் என்ற பொருளில் பேசுகிறான் அவனுடைய தோழன் எலிப்பாஸ். நீதிமொழிகளின் போதனையோடு அவ்வளவாக முரண்படாத பேச்சுதான் அது. நூலின் முடிவில் கடவுளின் கோபம் திரும்புவது எலிப்பாஸ்மேல். அவனும் தோழர்கள் இருவரும் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். பலி செலுத்தி, யோபுவைத் தங்களுக்காக ஜெபிக்கச் சொல்லும்படி அவர்களை அனுப்புகிறார்.