நெஞ்சுக்குள் ஓடும் பிழையான தூது



உடுவில், இணுவில் பக்கத்துச் செம்மண் தோட்டங்களுக்கு மாட்டெரு உயிர். ஆனால் மாரி தொடங்கினால் எருக்கும்பியிலும் நனைந்த வைக்கோலிலும் ஈரஞ்சுவறிய சுவரிலும் பூஞ்சணம் படரும். அதில் ஒரு வகை அஸ்பர்ஜில்லஸ். கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகளை நாம் எல்லோரும் நாள்தோறும் சுவாசிக்கிறோம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆஸ்துமா என்னும் தொய்வு உள்ளவர்களில் சிலருக்கு மட்டும் அது ஏன் பெருநோயாகிறது?

விடை, நம் உடலுக்குள் ஓடும் தூதில் இருக்கிறது.

உடலைக் காக்கும் வெள்ளணுக்கள், நுண்ணிய புரதங்களை அனுப்பியே ஒன்றுக்கொன்று செய்தி சொல்கின்றன. இன்டர்லூகின் என்பது அவற்றில் ஒரு குடும்பம், இலக்கமிட்டு அழைப்பார்கள். தொய்வுக்காரரின் தடித்த சளியில் வித்து சிக்கி முளைத்தால், மூன்று தூதுகள் அளவு மீறிப் புறப்படும். 4ஆம் இலக்கத் தூது, ஐ.ஜி.ஈ. என்னும் ஒவ்வாமைப் புரதத்தைப் பெருக்கச் சொல்லும். 5ஆம் இலக்கம், இயோசினோபில் என்ற அணுக்களைப் படையாகத் திரட்டும். 13ஆம் இலக்கம், சளியை மேலும் சுரக்க வைக்கும். சளி கூடினால் பூஞ்சணத்துக்கும் இடம் கூடும். பகைவனைத் தேடிவந்த படை வீட்டுச் சுவரையே இடிப்பதுபோல், மூச்சுக்குழாய்கள் விரிந்து பழுதாகும். பழுதானவை பழையபடி ஆவதில்லை.

1952இல் லண்டனில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோயை வைத்தியர்கள் ஏ.பி.பி.ஏ. என்பார்கள். எக்ஸ்ரேயில் இது காசநோய் போலவே தெரியும். அதனால் இந்தியாவில் பலர் காசநோய் மருந்தை வீணாக விழுங்கிய பின்னரே உண்மை தெரிந்திருக்கிறது.

ஆகவே கவனியுங்கள். பம்ப் மருந்துக்கும் தொய்வு அடங்கவில்லையா? சுபஹு நேரத்து இருமலில் கபில நிறச் சளிக்கட்டி விழுகிறதா? சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி காணவில்லையா? ஐ.ஜி.ஈ. இரத்தப் பரிசோதனை தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். மொத்த அளவு 500க்கு மேலிருந்து, அஸ்பர்ஜில்லஸுக்கான தனி ஐ.ஜி.ஈ.யும் கூடியிருந்தால் இந்நோயைச் சந்தேகிக்கலாம் என்பது 2024ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல்.

சிகிச்சை உண்டு. சண்டிகார் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தில் 131 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. தூதுகளை அடக்கும் ஸ்டீரொயிட் மாத்திரை கொடுத்தவர்கள் எல்லோருக்கும் ஆறு வாரத்தில் குணம் தெரிந்தது. பூஞ்சணத்தைக் குறைக்கும் இட்ராகொனசோலில் 100க்கு 88 பேருக்குத் தெரிந்தது. பக்கவிளைவோ அதில் குறைவு. எது பொருந்தும் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். 5ஆம் இலக்கத் தூதை மட்டும் மறிக்கும் மெபொலிசுமாப் போன்ற ஊசிகளும் இப்போது உண்டு. விலைதான் மிக அதிகம்.

சுகம் தெரிகிறதென்று ஸ்டீரொயிட்டை இடையில் நிறுத்தாதீர்கள். காசநோய் மருந்தையும் நீங்களாகக் கைவிடாதீர்கள். தொய்வுள்ள பிள்ளையையோ மாமியையோ எருக் கிளற, பழைய வைக்கோல் உதற அனுப்பாதீர்கள். அந்த வேலையை வீட்டில் நெஞ்சுரம் உள்ள வேறொருவர், வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு செய்யட்டும்.