ஆண்டுக்குப் பதின்மூன்று மாதமா?



நமக்குச் சம்பளம் மாதம் ஒருமுறை. வாடகையும் மாதம் ஒருமுறை. செல்போன் ரீசார்ஜ் மட்டும் 28 நாளுக்கு ஒருமுறை! கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 12 அல்ல, 13 தடவை கட்டுகிறோம்.

"போட்டி வந்தது, போன் மலிந்தது" என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. இரவுக் கட்டணத்துக்காக என் தகப்பனார் தாராவி எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்து நின்றதைச் சிறுவனாகப் பார்த்தவன் நான். ஊரில் பி.பி. எண்ணுக்குப் போட்டால், அண்ணாச்சி கடையிலிருந்து ஆள் போய்ப் பாட்டியை அழைத்து வரவேண்டும். அந்த நாளைப் பொற்காலம் என்று எந்தத் தொழிலாளியும் சொல்லமாட்டான்.

ஆனால் கதையை முழுவதும் சொல்லவேண்டும். 1994 கொள்கை தனியாருக்குக் கதவைத் திறந்தது. 1995இல் செல்போன் வந்தபோது பேச நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை. வருகிற அழைப்புக்கும் காசு! வட்டத்துக்கு இரண்டே கம்பெனி. இது போட்டியா, பங்கு பிரிப்பா? 1997இல் ட்ராய் ஆணையம் அமைந்தது. 2003இல் வரும் அழைப்பு இலவசமாயிற்று. 2011இல் எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் உரிமை நாடெங்கும் வந்தது. போட்டியோடு விதியும் சேர்ந்தபோதுதான் ஏழைக்குப் பலன் கிடைத்தது.

இன்று நிலை என்ன? பல கம்பெனிகள் மூழ்கின. 2018இல் ஏர்செல் சாய்ந்தபோது நம் ஊர்க்காரர்கள் எண்ணைக் காப்பாற்ற அலைந்ததை மறக்க முடியுமா? மிஞ்சியவை மூன்று தனியார் நிறுவனங்களும் பி.எஸ்.என்.எல்.லும். 2024 ஜூலையில் அந்த மூன்றும் ஓரிரு நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தின. தடுத்து நிற்கவேண்டிய அரசு நிறுவனமோ, 4ஜி தராமல் பல ஆண்டு காக்கவைக்கப்பட்டது. 2020இல் அதன் ஊழியர் 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் வெளியேறினர்.

ஆணையமும் சும்மா இருக்கவில்லை. 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்கவேண்டும் என்று 2022இல் விதித்தது. டேட்டா இல்லாமல், பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான திட்டம் தரவேண்டும் என்று 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆனால் விலையை வைப்பது கம்பெனியே! ஊரில் பட்டன் போன் வைத்திருக்கும் தாய்க்கு இப்படியொரு திட்டம் உண்டு என்று யார் சொன்னார்கள்? ரீசார்ஜ் கடையில் கேளுங்கள், கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. விதி போடுமுன் பொதுமக்கள் கருத்தைக் கேட்பது ட்ராயின் வழக்கம். கம்பெனிகள் தவறாமல் எழுதுகின்றன. நாம் எழுதினோமா? பணம் கட்டத் தவறினாலும் வரும் அழைப்பு நிற்கக்கூடாது, பேச மட்டுமான திட்டத்துக்கு உச்சவரம்பு விலை வேண்டும், பி.எஸ்.என்.எல். வலுப்பட வேண்டும். இம்மூன்றையும் சங்கத்தின் பெயரால் எழுதுவோம். கிளைதோறும் கையெழுத்துத் திரட்டுவோம்.

கதவைத் திறந்தவர்கள் காவலையும் வைக்கவேண்டும். அந்தக் காவலைத் தூங்கவிடாமல் தட்டி எழுப்புவது நம் வேலை!